ஏறாத மலைக்கு மூச்சு வாங்காது

பல் பிடுங்கப் போன இடத்தில் என் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். கதை அங்கேதான் தொடங்குகிறது.

வலப்பக்கத்துக் கடைவாய்ப் பல் ஒன்று வெகுநாளாகவே சொத்தை. வலிக்கிறதே என்று இடப்பக்கமாக மெல்லப் பழகினேன். பழகிப் பழகி, இடப்பக்கம் மென்றால்தான் ரொட்டிக்கு ருசி என்று ஆகிவிட்டது. அப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். கன்னம் கொழுக்கட்டை போல வீங்கியதும் என் வீட்டுக்காரர் பொறுக்கமாட்டாமல் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். பல் பார்க்கிற டொக்டர் சின்னப் பெண். வாயைத் திறக்கச் சொல்லுமுன் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். சீனி வருத்தம் உண்டா, பிரஷர் உண்டா, சின்ன வயதில் பெரிய வருத்தம் ஏதும் வந்ததா.

"சின்னப்புள்ளையில தொண்டைநோவு வந்து, அப்புறம் முழங்காலு ரெண்டும் வீங்கி ரொம்ப நாளு படுத்துக் கெடந்தேங்க. பொறகு தன்னால சரியாப் போச்சு," என்றேன்.

அவர் கையில் எடுத்த குறட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "முதல்ல நெஞ்சைக் காட்டிட்டு வாங்கம்மா. பல்லை அப்புறம் பாத்துக்கலாம்."

எனக்கு எரிச்சல் வந்தது. பல்லில் வலி என்று போனவளிடம் நெஞ்சைக் காட்டு என்றால் யாருக்குத்தான் வராது? வீடு வந்து சேரும்வரை அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே வந்தேன். இன்றைக்கு அவர் பெயரைச் சொல்லிக் கோயிலில் விளக்குப் போடுகிறேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் சரஸ்வதி, தோட்டத்தில் சரசு. கொஸ்லந்தைக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். கல்யாணமான புதிதில் கொழுந்து எடுத்தேன். பிறகு பிள்ளைக்காம்பராவுக்கு வந்துவிட்டேன். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. நான் அங்கே ஆயா. பிள்ளைகள் மத்தியானம் தூங்கும் நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். வீட்டுக்காரர் ராசு தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்கிறார். ஒரே மகள் மாலா, கொழும்பில் புடவைக் கடை ஒன்றில் இருக்கிறாள்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. சரசு எதற்கும் ஆசைப்படமாட்டாள் என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பக்கத்துக் காம்பராக்காரி ஒரு சேலைக்காகக் கண்ணைக் கசக்கினால் போதும், "போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று போய்ச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். "விரலுக்கேத்த வீக்கம்" எந்நேரமும் என் நாக்கு நுனியில் இருக்கும். இவ்வளவு அடக்கமான மனத்தை சாமி எனக்குக் கொடுத்திருக்கிறதே என்று நானே என்னை மெச்சிக்கொள்வேன்.

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் நெஞ்சு பார்க்கும் கிளினிக்குக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டில் கூட அவ்வளவு கூட்டம் இருக்காது. வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் நோயாளிகள். நான் மட்டும் பல்வலிக்காரி என்ற நினைப்பில் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருந்தேன். டொக்டர் அம்மா பதுளையில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண்ணாம். நல்ல தமிழ். குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார், இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொல்லிக் கேட்டார், மறுபடியும் கேட்டார். பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"மூச்சு வாங்குதா அம்மா?"

"இல்லைங்க. ஒருநாளும் இல்ல."

"வீட்டு வேலை எல்லாம் செய்ய முடியுதா?"

"ஒரு கொறையும் இல்லைங்க."

"செய்யணும்னு ஆசைப்பட்டு, முடியாமப் போற வேலை ஏதாவது இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். மனமறிந்து பொய் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னேன். "அப்புடி எதுவுமே இல்லைங்க டொக்டர்."

எக்கோ எடுத்தார்கள். எக்கோ என்றால் பயப்பட ஒன்றுமில்லை. குளிர்ந்த களிம்பைத் தடவி, கைக்கடக்கமான ஒரு கருவியை நெஞ்சில் வைத்து உருட்டுவார்கள். அதிலிருந்து போகும் ஓசை உள்ளே பட்டுத் திரும்பிவந்து, பெட்டியில் படமாகத் தெரியும். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார் டொக்டர். கறுப்பு வெள்ளையில் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அது என் இதயம். நான் பிறந்த நாளிலிருந்து, நான் தூங்கும்போதும் சண்டை பிடிக்கும்போதும், யாரும் கேட்காமலே வேலை செய்துகொண்டிருந்த ஒன்றை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். கும்பிட வேண்டும்போல இருந்தது. கையில் களிம்பு படும் என்று மனத்துக்குள் கும்பிட்டேன்.

இதயத்துக்குள் நாலு அறை இருக்கிறது. அறைக்கு அறை கதவு உண்டு, அதற்கு வால்வு என்று பெயர். சின்ன வயதில் வந்த தொண்டைநோவுக் கிருமியோடு உடம்பு சண்டை போட்டபோது, அந்தச் சண்டையில் முழங்காலோடு சேர்ந்து இடப்பக்கத்துக் கதவும் புண்பட்டிருக்கிறது. புண் ஆறித் தழும்பாகி, தழும்பு வருஷா வருஷம் இறுகி, அகலத் திறக்க வேண்டிய கதவு இப்போது ஒரு கீற்றுத்தான் திறக்கிறது. நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் அந்தக் கீற்று வழியாகத்தான் கசிந்து போகவேண்டும். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்.

டொக்டர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்த அளவுக்குச் சுருங்கியிருந்தா மனுஷருக்கு மூச்சு முட்டணும். நீங்க ஒண்ணும் இல்லைங்கிறீங்க."

கஷ்டம் இருந்தால் பலூன் வைத்துக் கதவை விரிக்கலாம் என்றார். கஷ்டமே இல்லையென்றால் மருந்தோடு பொறுத்துப் பார்க்கலாம். அதிலும் ஆபத்து உண்டு, இதிலும் உண்டு. ஆகவே என் வாயிலிருந்து வரும் பதில்தான் முக்கியம். சில நாள் வார்டில் வைத்துப் பார்ப்போம் என்று கட்டில் கொடுத்தார்கள். ஒரு கன்னம் வீங்கிய முகத்தோடு நான் இதய நோயாளி ஆனேன்.

பக்கத்துக் கட்டிலில் லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்து வீரம்மா. என்னைவிட இளையவள். சீனி வருத்தத்தில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். அது நடந்து காலமாகிவிட்டது, இப்போது சீனி ஏறியதால் வந்திருந்தாள். முதல் நாள் நான் அந்தக் காலைப் பார்க்காதது போலப் பார்த்ததைக் கண்டுபிடித்து, "நல்லாவே பாருங்கக்கா. கொசு கடிக்கிறதுக்கு ஒரு எடம் கொறைஞ்சிருச்சு," என்றாள். வார்டே சிரித்தது. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் காலை டொக்டர் வந்தார். "வாங்கம்மா, படி ஏறிப் பாப்போம்," என்று என் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். நாடித் துடிப்பையும் இரத்தத்தில் மூச்சுக்காற்று எவ்வளவு இருக்கிறது என்பதையும் அது காட்டுமாம். ரொட்டியும் கட்டச்சம்பலும் கொண்டுவந்திருந்த என் வீட்டுக்காரரும் பின்னாலேயே வந்தார்.

படிக்கட்டின் முதல் தட்டில் ஒரு ஜன்னல். நின்றேன். மழை விட்டு நமுனுகுல மலை பளிச்சென்று தெரிந்தது. "பாருங்க டொக்டர், எம்புட்டு அழகா இருக்கு," என்றேன். அவரும் பார்த்தார். போவோமா என்றார். ஏறினோம். இரண்டாவது தட்டில் மறுபடி நின்றேன்.

"ஏன் அம்மா நின்னீங்க?"

"சும்மாதாங்க. வேடிக்கை பாக்க."

"இங்க பாக்க என்ன இருக்கு?"

திரும்பிப் பார்த்தேன். ஒரு சுவர். சுண்ணாம்பு உதிர்ந்த வெறும் சுவர். அதைத்தான் நான் ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கிளிப் 'டிக் டிக்' என்று ஓடிக்கொண்டிருந்தது. டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் பார்த்தார். என் வீட்டுக்காரர் எனக்கு இரண்டு படி கீழேயே நின்று சாரத்தை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க ஏன் நின்னீங்க? அம்மா நிக்கிறதுக்கு முந்தியே நின்னீங்களே."

அவர் முழித்தார். "இம்புட்டு ஏறினா அவ நிப்பாங்க," என்றார். "அதான் நானு சாரத்தை இறுக்கிக்குவேன்."

"எத்தனை நாளா இப்பிடி?"

"நாளா? அது வருஷக்கணக்கா இருக்குங்க. நான் அதை நெனைச்சுச் செய்யிறதில்லை. பழகிருச்சு."

எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு வரும் வழியில் ஒரு பாலம், ஒரு மாமரம், ஒரு தண்ணிப் பீலி. ஒவ்வொன்றிலும் இவர் நிற்பார். சாரத்தை இறுக்கிக் கட்டத் தெரியாத மனுஷன் என்று நான் கேலி செய்வேன். ஊரெல்லாம் வேடிக்கை பார்ப்பவள் என்று இவர் என்னைக் கேலி செய்வார். இரண்டு பேரும் சேர்ந்து என் வியாதியை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறோம், உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் மூச்சு வாங்குகிறது என்பதைக் கவனித்தேன். அது புதிதாக வந்ததல்ல. எப்போதும் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கட்டிலில் வந்து சாய்ந்தபின் மனம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. மேல்மலையில் கொழுந்து எடுப்பது அலுத்துவிட்டது என்று பிள்ளைக்காம்பராவுக்கு வந்தேன். உண்மையில் அலுத்ததா? எங்கள் மாரியம்மன் மலை உச்சியில் இருக்கிறாள். திருவிழாவுக்குப் பெண்கள் பீலிக்கரையிலிருந்து பால்குடம் தூக்கி மேலே போவார்கள். குமரியாக இருந்தபோது முதல் குடம் நான்தான் தூக்குவேன். பிறகு, "எனக்கு அந்தக் கூட்டமும் கொட்டுச் சத்தமும் புடிக்கலை. நான் கீழயே அன்னதானத்துக்குச் சமைக்கிறேன்," என்று சொல்லிவிட்டேன். யார் கேட்டாலும் அதையே சொன்னேன், சொல்லும்போது எனக்குக் கூட்டம் பிடிக்காமலேதான் இருந்தது. மல்லாந்து படுக்கப் பிடிக்காது, தலையணையை அடுக்கிச் சாய்ந்தால்தான் தூக்கம் வரும் என்பேன். கும்மி கொட்டுவது குமரிப்பிள்ளைகள் வேலை என்பேன். இவையெல்லாம் சரசுவின் குணம் என்று ஊரும் நானும் நினைத்திருந்தோம்.

எனக்குப் பயம் வந்தது. சாவைப் பற்றி அல்ல. இந்த உடம்புக்குள் சரசு என்று ஒருத்தி இருக்கிறாளா, அல்லது அந்த இறுகிப்போன கதவுதான் இத்தனை நாள் சரசு என்று பேசிக்கொண்டிருந்ததா என்ற பயம்.

அதோடு ஒரு வியப்பும் வந்தது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. மனம் எவ்வளவு பெரிய வேலைக்காரி. உடம்பால் எது முடியாதோ அதைத் தெரிந்துகொண்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், அந்த ஆசையை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் வேறொன்றைக் கொண்டுவந்து வைத்து, இதுதான் உனக்குப் பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறது. நான் ஒருநாளும் ஏங்கவில்லை, ஒருநாளும் அழவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் செய்திருக்கிறது. டொக்டரிடம் பொய் சொல்ல வைத்ததும் அதேதான்.

பலூன் வைப்பது நல்லது என்று டொக்டர் சொன்னார். தொடையிடுக்கில் இருக்கும் இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் ஏற்றி, நுனியிலுள்ள பலூனை அந்தக் கதவுக்குள் வைத்து ஊதுவார்கள். நெஞ்சை வெட்டுவதில்லை. கதவு கிழிந்துபோகும் ஆபத்து கொஞ்சம் உண்டு. கிழிந்தால் அவசரமாகப் பெரிய ஒப்பரேஷன். எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, "முடிவு உங்களோடதும்மா. உங்க விருப்பம்தான்," என்றார்.

விருப்பம். எந்த விருப்பம்? எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றுதான் மனம் சொன்னது. அந்த மனத்தை வளர்த்ததே நோய். நோய் வளர்த்த மனத்திடமே போய், நோயைத் தீர்க்கட்டுமா என்று கேட்டால் அது என்ன சொல்லும்? அப்படியென்றால் வேறு எந்த மனத்திடம் போய்க் கேட்பது, எனக்கு இருப்பது இது ஒன்றுதானே.

"வேணாங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றேன்.

செய்தி கேட்டு மாலா கொழும்பிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்தாள். வந்தவள் அழவில்லை, சண்டைதான் பிடித்தாள்.

"நல்லா இருக்கேன்னு சொல்றதுக்கு உனக்கு என்னம்மா தெரியும்? எட்டாப் பழம் புளிக்கும்னு சொல்ற நரியாவது குதிச்சுப் பாத்துட்டுச் சொல்லுச்சு. நீ மரத்தையே பாக்கலையே."

"வாயைப் பாரு," என்றேன்.

அவள் குரல் இறங்கிவிட்டது. "சின்னதுல தம்பி வேணும் தங்கச்சி வேணும்னு அழுவேனே. ஒண்ணே போதும், ஒண்ணே கண்ணுன்னு சொல்லுவியே. அதுவும் இதுனாலதானாம்மா?"

அவளைப் பெற்றபோது மூச்சுத் திணறி நான் பிழைத்ததே பெரிது என்று மருத்துவிச்சி சொன்னது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் ஒன்று போதும் என்றேன். அது என் முடிவு என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். மாலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியலடி," என்றேன். அன்றைக்குத்தான் அழுதேன். பிறக்காத ஒரு பிள்ளைக்காக, அத்தனை வருஷம் கழித்து, சத்தம் போட்டு அழுதேன். நர்ஸ் மிஸ் ஓடிவந்து நாடி பார்த்தார்.

மாலா தேநீர் வாங்கப் போனதும் வீரம்மா மெல்லக் கேட்டாள். "டொக்டர்கிட்ட ஏன்க்கா வேணாம்னீங்க?"

"நீயும்தான் காலு போனாலும் சந்தோசமா இருக்கே. நானும் உன்னைய மாதிரி இருந்துட்டுப் போறேன்."

அவள் சிரிப்பை விட்டுவிட்டாள். "நான் உங்களை மாதிரி இல்லக்கா. காலை எடுத்தப்ப கத்தினேன். சாமியைத் திட்டினேன். கொழுந்துக் கூடையைப் பாத்தாலே ஒப்பாரி வைப்பேன். எல்லாம் அழுது முடிச்சுட்டு, இனிமே அது இல்லைன்னு நானே சொல்லி, நானேதான் விட்டேன். இப்ப வாசல்ல குந்திக்கிட்டு வடை சுட்டு விக்கிறேன், அதுல எனக்குச் சந்தோசம்தான். ஒங்களுக்கு என்னத்த விட்டோம்னே தெரியாது. அது தன்னால கழண்டு விழுந்திருக்கு." குட்டைக் காலைத் தடவிக்கொண்டு, "எனக்குக் காலு திரும்பி வராது. ஒங்களுக்குக் கதவைத் தொறக்க ஆளு இருக்கு. தொறந்து பாத்துட்டு வேணாம்னா வேணாம்னு சொல்லுங்களேன்," என்றாள்.

அன்று பிற்பகல் டொக்டரிடம் சரி என்றேன். மலை ஏறும் ஆசை வந்துவிட்டதா என்றால் இல்லை, அப்போதும் வரவில்லை. எனக்கு ஆசை வருமா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். என் வாழ்க்கையில் நான் அறிந்து பட்ட முதல் ஆசை அதுவாகத்தான் இருக்கும்.

பலூன் வைக்கும் வசதி கண்டிப் பக்கத்தில் இன்னொரு ஆஸ்பத்திரியில் இருந்தது. முறை வந்ததும் கூட்டிப்போனார்கள். செலவெல்லாம் அரசாங்கத்தோடது. எங்களுக்குப் பஸ்ஸும் சாப்பாடும்தான். என் வீட்டுக்காரர் ஸ்டோரில் கூட வேலை செய்பவர்களிடம் தன் முறையை மாற்றிக்கொண்டு வாசலிலேயே கிடந்தார்.

மயக்கம் கொடுக்கவில்லை. இடுப்பருகே விறைக்க ஊசி போட்டார்கள். மேலே பெரிய கருவிகள், பக்கத்தில் திரை. குழாய் உள்ளே போவது வலிக்கவில்லை. யாரோ உள்ளே நடக்கிற மாதிரி ஒரு உணர்வு, அவ்வளவுதான். பலூனை ஊதப்போகிறோம், ஒரு கணம் ஒருமாதிரி இருக்கும் என்றார்கள். ஊதினார்கள். இரத்தம் போகிற வழி அடைபட்டது. கண் இருண்டது, காது அடைத்தது, மாரியாத்தா என்று வாய்க்குள் சொன்னேன். பிறகு பலூன் சுருங்கியது. சுருங்கிய அந்தக் கணத்தில் மூச்சு உள்ளே வந்தது.

அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சுவாசம் என்று இத்தனை நாள் நான் நினைத்தது வேறு. காற்று உள்ளே வந்தது, இன்னும் வந்தது, முடிந்துவிடும் என்று நான் நினைத்த இடத்தைத் தாண்டியும் வந்தது. மனுஷர் எல்லாரும் இப்படித்தான் மூச்சு விடுகிறார்களா? இதை வைத்துக்கொண்டா எல்லாரும் சும்மா இருக்கிறார்கள்? எனக்குக் கண்ணீர் காதுக்குள் ஓடியது. வலிக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினேன்.

மறுநாள் விடிந்து கண் விழித்தபோது நேராக முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையணை கீழே விழுந்து கிடந்தது. மல்லாந்து, நீட்டி நிமிர்ந்து தூங்கியிருக்கிறேன். எனக்கு மல்லாந்து படுக்கப் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்தபின் ஆசைகள் வரத் தொடங்கின. வெட்கமாக இருந்தது. கொட்டுச் சத்தம் கேட்டால் கால் தானாகத் தாளம் போட்டது. எல்ல ஊர்ப் பக்கம் போகவேண்டும், ரயிலில் வாசலில் உட்கார்ந்து போகவேண்டும் என்று வந்தது. பக்கத்துக் காம்பராக்காரியின் சேலையைப் பார்த்து எனக்கும் ஒன்று வேண்டும் என்று வந்தது. "ஆசை இல்லாத பொம்பளைய ஆஸ்பத்திரியில குடுத்துட்டு வேற ஒருத்தியக் கூட்டியாந்துட்டேன் போல," என்றார் என் வீட்டுக்காரர். பாலத்தில் சாரத்தை இறுக்க நின்றவர், நான் போய்க்கொண்டே இருப்பதைப் பார்த்து ஓடிவந்தார். பாவம், அவர் கால் இன்னும் பழைய வேகத்திலேயே இருந்தது.

அவ்வருஷத் திருவிழாவில் பால்குடம் எடுத்தேன். முதல் குடம் அல்ல, கடைசிக் குடம். உச்சிக்குப் போனதும் திரும்பிப் பார்த்தேன். கீழே தேயிலை, லயம், பிள்ளைக்காம்பராவின் தகரக் கூரை, அன்னதானக் கொட்டகைப் புகை. அங்கிருந்து பார்க்க எல்லாம் என் கைக்குள் அடங்கும் அளவு இருந்தது. இத்தனை வருஷம் இதற்கு ஆசைப்படாமல் அந்தப் புகைக்குள் நான் சந்தோஷமாக நின்றிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் எல்லாம் பொய்யாகப் போய்விடவில்லை. தோட்டத்தில் கொழுந்துக்கு ஆள் குறைவு. உடம்புதான் தேறிவிட்டதே, மலைக்கு வா என்று கூப்பிட்டார்கள். நானும் போனேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, கூடையை மாட்டிக்கொண்டு மேல்மலை ஏறினேன். காற்று நன்றாக இருந்தது, கை பழைய வேலையை மறக்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுக்கும் நேரம் வந்ததும் காது கீழே போய்விட்டது. யார் அழுகிறது, யார் யாரைக் கடித்தது என்று அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். சில நாள் பார்த்துவிட்டு, நான் பிள்ளைக்காம்பராவுக்கே போறேங்க என்று சொல்லிவிட்டேன். அந்த ஆசையும் கதவு இறுகியதால்தான் வந்தது, மறுக்கவில்லை. வந்த வழி கோணல் என்பதற்காகப் பிள்ளையை வெளியே நிறுத்துவோமா? இப்போது கதவு திறந்திருக்கிறது, மலை கூப்பிடுகிறது, அப்படியும் நான் இங்கேதான் இருக்கிறேன். ஆகவே இது என்னுடையது.

இரண்டாவது பிள்ளையைப் பற்றி மட்டும் இப்படிச் சோதித்துப் பார்க்க வழியில்லை. அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது. இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன், அழுதுவிட்டுத்தான் விட்டேன்.

கதவு மறுபடி இறுகலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். வாழ்நாள் முழுக்க ஊசி, மருந்து, எக்கோ. இறுகினால் நானும் மறுபடி ஆசைகளைச் சுருக்க வேண்டிவரும். சுருக்குவேன். ஏழைக்கும் நோயாளிக்கும் அது தெரியாமல் பிழைப்பு நடக்காது. ஆனால் இந்தமுறை மனம் எனக்குத் தெரியாமல் செய்ய விடமாட்டேன். இது போகிறது, இது போகிறது என்று பேர் சொல்லி, வாசல்வரை வந்து நானே வழியனுப்புவேன்.

பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், அதே சின்னப் பெண்தான் பிடுங்கினார். புண் ஆறி வெகுநாளாகிறது. இன்னும் இடப்பக்கத்தில்தான் மெல்லுகிறேன். அது வெறும் பழக்கம், அதற்குப் பெரிய யோசனை ஒன்றும் தேவையில்லை.

போன கிளினிக்குக்கு நானும் வீட்டுக்காரரும் போயிருந்தோம். வீரம்மா கொடுத்தனுப்பிய வடைப் பொட்டலம் மடியில் இருந்தது. டொக்டர் எக்கோவைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, பழைய கேள்வியைத் தொடங்கினார்.

"மூச்சு வாங்குதா அம்மா?"

"வாங்குதுங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "எப்ப? எங்க வச்சு?"

"கோயில் மலையில டொக்டர். பால்குடத்தோட கடைசி வளைவு ஏறுறப்போ."

டொக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியிலிருந்து என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"எனக்குந்தாங்க," என்றார். "இவ நிக்கவே மாட்டேங்கிறா."